வேதிப் பொறியாளர் சங்கங்களின் வட்டாரக் கிளைகள்

வேதிப் பொறியாளர்களின் தொழில்முறைச் சங்கங்கள் நகரம் அல்லது தொழிற்பகுதி வாரியாக நடத்தும் அமைப்புகள் வட்டாரக் கிளைகள் எனப்படும். மாலைநேரச் சொற்பொழிவு, ஆலைப் பார்வை, குறுகிய காலப் பயிற்சி, மாணவர் போட்டி ஆகியவை இவற்றின் வழக்கமான வேலைகள். 1908இல் தோன்றிய அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகம், 1922இல் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் கழகம், 1947இல் அமைந்த இந்தியக் கழகம் மூன்றுக்கும் இத்தகைய கிளைகள் உண்டு. ஆய்விதழையும் ஆண்டு மாநாட்டையும் தலைமையகம் பார்த்துக்கொள்கிறது. ஒரே ஊரில் போட்டி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பது கிளையின் வேலை. ஆலையில் எது, எப்படி, ஏன் பழுதானது என்ற செய்தி பாடநூலுக்குப் போய்ச் சேரும் முன்பே இந்த அறைகளில் பேசப்பட்டுவிடும். கிளைகளின் பயனில் முக்கால்வாசி அதுதான்.

தோற்றம்

வேதிப் பொறியியல் என்ற துறையே ஒரு சொற்பொழிவு வரிசையில் உருவெடுத்தது என்றால் பெரிய மிகையில்லை. ஜார்ஜ் இ. டேவிஸ் இங்கிலாந்தில் கார ஆலைகளைச் சோதிக்கும் அரசு ஆய்வாளராக இருந்தவர். சோடா ஆலைகள் கக்கிய ஹைட்ரஜன் குளோரைடு புகையை அடக்க 1863இல் சட்டம் வந்திருந்தது. அதை நிறைவேற்ற அவர் ஆலை ஆலையாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு முதலாளியும் தன் முறையைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்த காலம். காய்ச்சி வடிப்பதும் உலர்த்துவதும் நொறுக்குவதும் எல்லா ஆலைகளிலும் ஒன்றுபோலவே நடக்கின்றன என்பது எல்லா வாசல்களிலும் நுழைய முடிந்த அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. 1880இல் வேதிப் பொறியாளர்களுக்கென ஒரு சங்கம் தொடங்க முயன்றார், கைகூடவில்லை. மறு ஆண்டு அந்த முயற்சி வேதித் தொழில் சங்கம் என்ற பொதுப் பெயரில் நிலைபெற்றது. டேவிஸ் அதன் செயலாளரானார். 1887இல் மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளியில் அவர் ஆற்றிய 12 சொற்பொழிவுகள் 1901இல் கையேடாக விரிந்தன.

அமெரிக்கக் கழகம் 1908 ஜூன் 22 அன்று பிலடெல்பியாவில் தொடங்கியது. 1922 முதல் அதற்கு மாணவர் கிளைகள் உண்டு. வட்டாரக் கிளைகள் பெரும்பாலும் ஆலைகள் குவிந்த இடங்களில்தான் செழித்தன. ஹூஸ்டனை மையமாகக் கொண்ட தென் டெக்சாஸ் கிளை இதற்குத் தெளிவான சான்று.

இந்தியக் கழகத்தை நிறுவியவர் ஹீராலால் ராய். ஜாதவ்பூரில் வேதிப் பொறியியல் கல்வியை வளர்த்தவர் அவர். தலைமையகம் இன்றும் கொல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பெயர் தாங்கிய கட்டடத்தில் இருக்கிறது. ஆண்டு மாநாடான கெம்கான் டிசம்பர் கடைசி வாரத்தில் ஊர் மாற்றி ஊர் நடக்கும். மாணவர்களுக்குத் தனியே ஸ்கெம்கான். பட்டயம் படித்துவிட்டு ஆலையில் சேர்ந்தவர்கள் வேலையை விடாமல் தேர்வெழுதித் தகுதி உயர்த்திக்கொள்ளும் வழியையும் கழகம் நெடுங்காலம் வைத்திருந்தது. சென்னை வட்டார மையத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் பலம் உண்டு. ஒரு பக்கம், 1944இல் தொடங்கிய கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. மறு பக்கம், 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றி வளர்ந்த உரம், பெட்ரோ வேதிப்பொருள் நிறுவனங்களும்.

சொற்பொழிவு

அமெரிக்கக் கிளைகளில் இரவு உணவோடு சேர்ந்த கூட்டமே மரபு: முதலில் அரட்டை, பிறகு சாப்பாடு, அதன்பின் ஒரு மணி நேரப் பேச்சு. இந்தியாவில் கல்லூரிக் கருத்தரங்க அறை, தேநீர், பொன்னாடை, நினைவுப் பரிசு. வரவேற்புரையும் நன்றியுரையும் பேச்சின் நேரத்தைத் தின்றுவிடுவது இங்குள்ள பழைய வியாதி. ஷிஃப்டில் இருக்கும் பொறியாளர் எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. அதனால், சொல்லப்படும் செய்தி யாருக்கு மிகவும் தேவையோ அவர் பெரும்பாலும் கன்ட்ரோல் ரூமில்தான் இருப்பார்.

நல்ல பேச்சு எப்படி இருக்கும் என்பதற்குக் காமா கதிர்ச் சோதனை ஓர் உதாரணம். காய்ச்சி வடிக்கும் கோபுரம் சரியாகப் பிரிக்கவில்லை. உள்ளே தட்டு ஏதும் கழன்று விழுந்ததா, அல்லது திரவம் ஏறி நிரம்பிவிட்டதா என்று தெரியவில்லை. ஆலையை நிறுத்தித் திறந்து பார்த்தால் நாள் கணக்கில் உற்பத்தி போகும். அதனால் கோபுரத்தின் ஒரு பக்கம் கோபால்ட்-60 போன்ற கதிர்மூலத்தையும் எதிர்ப்பக்கம் உணர்கருவியையும் ஒரே மட்டத்தில் உச்சியிலிருந்து கீழே இறக்குகிறார்கள். கதிர் தாராளமாகக் கடந்து வரும் இடத்தில் ஆவி. தடைபடும் இடத்தில் திரவம். எல்லாத் தட்டும் இடத்தில் இருந்தால் வரைபடம் ஒரே சீராக ஏறி இறங்கும். நடுவில் ஓர் இறக்கம் காணாமல் போனால், அந்த மட்டத்தில் தட்டு இல்லை என்று பொருள். பேச்சாளர் இந்த வரைபடத்தைத் திரையில் போட்டுவிட்டு, எந்தத் தட்டு விழுந்தது என்று அவையைக் கேட்பார். அந்த இடத்தில்தான் தூங்குபவர்களும் விழிப்பார்கள்.

டெக்சாஸில் உரிமம் பெற்ற பொறியாளர் ஆண்டுக்கு 15 மணி நேரத் தொழில் வளர்ச்சிக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் ஒரு மணி நேரமாவது தொழில் அறம் சார்ந்ததாக இருக்க வேண்டும். கிளைச் சொற்பொழிவு அந்தக் கணக்கில் சேரும் என்பதால் கூட்டம் கூடுவதற்கு அது ஒரு நடைமுறைக் காரணம். இந்தியாவில் வேதிப் பொறியாளருக்கு இப்படிப்பட்ட உரிமக் கட்டாயம் கிடையாது. அதனால் இருக்கைகளை நிரப்புவது மாணவர்கள்தான். அவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது, பேச்சாளருக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது. சக பொறியாளர் ஒருவர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்பது அரிதாகிவிடுகிறது. இது சின்ன இழப்பு இல்லை.

போட்டியாளர்கள் கூடும் அவையில் எல்லாவற்றையும் பேசிவிடவும் முடியாது. விலை, உற்பத்தி அளவு, வாடிக்கையாளர் ஆகிய மூன்றும் விலக்கு. 1890இல் வந்த ஷெர்மன் சட்டத்தின் நிழல் அமெரிக்கக் கூட்டங்களில் எப்போதும் உண்டு. பாதுகாப்புக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை.

விபத்தைப் பேசுதல்

கிளைகளில் திரும்பத் திரும்பப் பேசப்படும் விபத்து, இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1 அன்று நடந்தது. நைலான் மூலப்பொருளுக்காக வளைய ஹெக்சேனை ஆக்சிஜனேற்றும் ஆலை அது. வரிசையாக ஆறு ரியாக்டர்கள். ஐந்தாவதில் விரிசல் கண்டதும் அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குல மாற்றுக் குழாயால் இணைத்தார்கள். இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இல்லாததால் குழாய் இடையில் இரண்டு முறை மடங்கியது. முனைகளில் துருத்தி இணைப்புகள். முழு அளவு வரைபடம் பட்டறைத் தரையில் சாக்கட்டியால் போடப்பட்டதோடு சரி. முறையான வடிவமைப்புக் கணக்கு எதுவும் இல்லை. ஆலைப் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. குழாய் பிய்ந்து, வெளியேறிய ஆவி மேகம் வெடித்து, 28 பேர் இறந்தார்கள். அன்று சனிக்கிழமை, வேலை நாளாக இருந்திருந்தால் அலுவலகக் கட்டடத்தில் இருந்தவர்களும் மாண்டிருப்பார்கள். தற்காலிக மாற்றம்தானே என்று எதையும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது என்ற நடைமுறை ஆலைகளில் வேரூன்ற இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

பத்து ஆண்டு கழித்துப் போபால். 1984 டிசம்பர் 2 இரவு மெத்தில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் குழாய்த்தொடர் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. மறு ஆண்டே அமெரிக்கக் கழகம் செயல்முறைப் பாதுகாப்புக்கெனத் தனி மையம் ஒன்றை நிறுவியது. அந்த மையம் 2001 முதல் மாதம் ஒரு பக்கமாக வெளியிடும் பாதுகாப்புக் குறிப்பு, இந்தி உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. மேலாளர்களை விட ஆலையை இயக்குபவர்களுக்காகவே எழுதப்படுவது அதன் சிறப்பு. இந்தியாவில் டிசம்பர் 4 வேதிப் பேரிடர் தடுப்பு நாளாகவும், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுவதால், கிளைகளின் பாதுகாப்புக் கூட்டங்கள் இந்தத் தேதிகளை ஒட்டி அமைவதுண்டு.

ஆலைப் பார்வை

வாசலிலேயே செல்பேசியும் தீப்பெட்டியும் வாங்கி வைக்கப்படும். ஹெல்மெட், பாதுகாப்புக் கண்ணாடி, ஐந்து நிமிடப் பாதுகாப்பு விளக்கம், அவசர காலத்தில் கூட வேண்டிய இடம், காற்றின் திசை காட்டும் துணிக்கூடு எங்கே பறக்கிறது என்ற குறிப்பு. பாடத்தில் ஒரு வட்டமாக வரைந்த பம்ப், அருகில் ஒரு மாற்றுப் பம்போடு இரட்டையாக நிற்பதை மாணவர் அங்கேதான் முதலில் பார்க்கிறார்.

மாணவர் போட்டி

அமெரிக்கக் கழகத்தின் கெம்-இ-கார் போட்டி 1999இல் டல்லாஸில் தொடங்கியது. இந்தியக் கல்லூரிகளும் இதில் பங்கேற்கின்றன. செருப்புப் பெட்டி அளவிலான வண்டி வேதிவினையால் ஓட வேண்டும், வேதிவினையால்தான் நிற்கவும் வேண்டும். பிரேக் கூடாது, கடிகாரமும் கூடாது. எவ்வளவு சுமை, எவ்வளவு தூரம் என்பது போட்டிக்குச் சற்று முன்புதான் அறிவிக்கப்படும். நிறுத்துவதற்குப் பலர் கையாளுவது அயோடின் கடிகார வினை. வைட்டமின் சி தீரும்வரை கரைசல் தெளிவாக இருக்கும். தீர்ந்ததும் மாவுச்சத்தோடு அயோடின் சேர்ந்து சட்டென்று கருநீலமாகும். ஒளி மறைந்ததை உணரி அறிந்து மோட்டாரை நிறுத்தும். ஆய்வகத்தில் அளவெடுத்துச் சரிபார்த்த கரைசல், குளிரூட்டிய அரங்கில் மெதுவாக வினைபுரியும். வண்டி கோட்டைத் தாண்டிப் போய்விடும். வெப்பநிலை வினைவேகத்தை எப்படி மாற்றுகிறது என்பதை இதைவிட நன்றாக எந்த வகுப்பும் சொல்லித்தரப் போவதில்லை.

இணையக் கூட்டங்கள்

2020க்குப் பிறகு சொற்பொழிவுகளில் பல இணையத்துக்கு மாறின. மணலியில் இருப்பவர் ஹூஸ்டன் பேச்சைக் கேட்கலாம். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பதிவைப் பிறகு பார்க்கலாம். ஆனால் பதிவு ஓடுகிறது என்று தெரிந்ததும், தன் ஆலையில் நடந்த தவற்றைப் பேச்சாளர் சொல்லத் தயங்குகிறார். நிறுவனத்தின் சட்டப் பிரிவும் குறுக்கே நிற்கிறது. இதற்காகக் கேள்வி நேரம் வந்ததும் பதிவை நிறுத்திவிடும் வழக்கமும் உண்டு.