இடிந்த நகருக்குத் திரும்பியவர்கள்

அமெரிக்க நாட்டின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு கடலோடு கலக்குமுன் வளைந்து நெளிந்து செல்லும் இடத்தில் நியூ ஆர்லியன்ஸ் என்னும் நகரம் இருக்கிறது. 1718 ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் நிறுவிய நகரம் அது. பிற சபைகளே மிகுந்த அந்நாட்டுத் தென்பகுதியில், தொடக்கம் முதலே கத்தோலிக்க மணம் கமழ்ந்த ஊர். 1727 இல் அங்கு வந்து சேர்ந்த ஊர்சுலைன் சபைக் கன்னியர் பள்ளி நடத்தினர், நோயாளரைப் பேணினர், பெற்றோரை இழந்த சிறுமியரை வளர்த்தனர். 1815 ஜனவரி 8 அன்று ஆங்கிலப் படை நகரை நெருங்கியபோது, அக்கன்னியரும் நகரத்துப் பெண்களும் 'உடனடி உதவியின் அன்னை' திருவுருவத்தின் முன் கூடிச் செபித்தனர். நகரம் தப்பியது. அந்த நன்றித் திருப்பலி இன்றளவும் ஆண்டுதோறும் நிறைவேற்றப்படுகிறது. புயல் காலம் பிறந்துவிட்டால் அந்நகர ஆலயங்களில் அதே அன்னையின் பரிந்துரையை மக்கள் நாடுவது வழக்கம்.

அந்த மன்றாட்டு உதடுகளில் இருந்த காலத்தில்தான், 2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை விடியற்காலையில், கத்ரீனா என்னும் பெரும்புயல் லூசியானா கரையைக் கடந்தது.

மனிதர் செய்த பிழை

நகரை மூழ்கடித்தது புயற்காற்று மட்டுமன்று. நியூ ஆர்லியன்ஸில் ஏறத்தாழப் பாதி கடல்மட்டத்துக்குக் கீழே, கிண்ணத்தின் அடியைப் போலத் தாழ்ந்து கிடக்கிறது. வடக்கே ஏரி, தெற்கே ஆறு, நடுவே கால்வாய்கள். இவற்றின் கரைகளும் தடுப்புச் சுவர்களுமே நகரின் அரண். புயல் தள்ளிவந்த நீர் அக்கால்வாய்களில் ஏறியபோது சுவர்கள் பல இடங்களில் சாய்ந்தன, கரைகள் உடைந்தன. நகரில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீருக்குள் போயிற்று. சுவர்களின் வடிவமைப்பிலேயே குறை இருந்ததை, அவற்றைக் கட்டிய இராணுவப் பொறியாளர் துறை 2006 ஜூன் மாதம் ஒப்புக்கொண்டது.

இறந்தோர் 1,800க்கும் மேற்பட்டவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பின்னர் 2023 இல் அந்நாட்டுப் புயல் ஆய்வு மையம் அதனை 1,392 என்று திருத்தியது. எண் எதுவாயினும், இறந்தவர்களுள் முதியோர் மிகப் பலர் என்பதும், சொந்த வாகனம் இல்லாத ஏழைகளே நகரைவிட்டு வெளியேற வழியின்றி அகப்பட்டார்கள் என்பதும் மாறவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். உலகின் மிகச் செல்வமிக்க நாட்டில், கூரைமேல் நின்று கையசைத்த மனிதர்களை நாள்கணக்கில் எவரும் எட்டவில்லை என்பதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

நீரை இறைத்து முடிக்க அக்டோபர் 11 வரை ஆயிற்று. அதற்கிடையில் செப்டம்பர் இறுதியில் வந்த ரீட்டா புயல் சில பகுதிகளை மீண்டும் மூழ்கடித்தது. மக்களோ நாட்டின் நாற்றிசையிலும் சிதறிக் கிடந்தனர்.

சேற்றில் இறங்கிய கைகள்

புயலுக்குப் பின் வரும் தொண்டு என்றால் உணவுப் பொட்டலமும் போர்வையும்தான் நம் நினைவுக்கு வரும். அவை முதல் வாரத்துத் தேவைகள். நியூ ஆர்லியன்ஸில் நெடுநாள் நீடித்த பணி வேறு.

அங்குள்ள வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டங்களால் ஆனவை. சட்டங்களின்மேல் சுண்ணப் பலகைகளை அறைந்து சுவராக்குவார்கள். வாரக்கணக்கில் நீரில் ஊறிய அப்பலகைகளில் தரை முதல் கூரை வரை கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அத்தகைய வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. அப்படியே விட்டால் மரச்சட்டமும் அழுகிப்போகும். ஆகவே, உள்ளே இருக்கும் அனைத்தையும் வெளியே எடுத்து, பலகைகளைப் பெயர்த்து, ஆணிகளைப் பிடுங்கி, வீட்டை அதன் எலும்புக்கூட்டளவுக்குக் கொண்டுவர வேண்டும். முகமூடியும் கையுறையும் அணிந்து, கொதிக்கும் வெயிலில், அழுகிய உணவு அடைபட்ட குளிர்பதனப் பெட்டிகளைத் தெருவுக்குச் சுமக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் ஏழைக் குடும்பத்தால் தாங்க இயலாத செலவு அது.

இப்பணியைத்தான் ஆலயத் தொண்டர்கள் தோளில் ஏற்றனர். நியூ ஆர்லியன்ஸ் உயர் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க அறப்பணி அமைப்பு 'உதவும் கரங்கள்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதியோர், நோயாளர், காப்பீடு இல்லாதோர் ஆகியோரின் வீடுகளைக் கட்டணமின்றிச் சுத்தம் செய்து கொடுத்தது. நாடெங்கிலுமிருந்து பங்கு மக்கள் குழுக்களாக வந்தனர். கல்லூரி மாணவர் தம் வசந்தகால விடுமுறையைக் கடற்கரையில் கழிக்காமல் சேற்றில் கழித்தனர். வளைகுடாக் கரை முழுவதும் முதல் இரண்டு ஆண்டுகளில் தொண்டாற்றியவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

பிரிந்த சகோதரர்களின் பணியையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். மெனோனைட்டுச் சபையினர் 1950 முதலே பேரிடர்ப் பணிக்கென ஓர் அமைப்பை நடத்தி வருகின்றனர். மற்றவர்கள் திரும்பிச் சென்ற பிறகும் தங்கி வீடு கட்டித் தருவது அவர்கள் மரபு. தென்பகுதி பாப்டிஸ்டுச் சபையினர் 1967 இல் டெக்சாசைத் தாக்கிய பியூலா புயலின்போது தொடங்கிய நடமாடும் சமையற்கூடங்கள் கத்ரீனாவின்போது லட்சக்கணக்கானோருக்கு உணவளித்தன. மெதடிஸ்டுச் சபையின் நிவாரண அமைப்பு, கத்தோலிக்க அமைப்பு உள்ளிட்ட பல அமைப்புகளோடு கைகோத்து, சிதறிய குடும்பங்களைத் தேடிச்சென்று உதவியது. மறைக்கல்வி நூல்களில் வேறுபட்டு நின்றோர் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்தனர்.

இத்தொண்டில் ஒரு நுட்பம் உண்டு. வெளியே எறியப்படுவது ஒருவரின் வாழ்நாள். தொண்டருக்கு அது குப்பை. வீட்டுக்காரருக்கோ தாயின் திருமணப் புகைப்படம், முதல் நற்கருணை நாளில் கிடைத்த செபமாலை. விரைந்து வேலை முடிப்பவர் நல்ல தொண்டர் அல்லர். எதை எறியலாம் என்று உரிமையாளரைக் கேட்டு நிற்பவரே நல்ல தொண்டர். உதவி என்பது மற்றவரின் வீட்டுக்குள் நுழைவது. அங்கே நாம் விருந்தினர், உரிமையாளர் அல்லர்.

வியட்நாம் அரசி மரியா பங்கு

இந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னது நகரின் கீழைக்கோடியில் வாழ்ந்த ஒரு சிறிய சமூகம்.

வெர்செய்ல்ஸ் என்று அழைக்கப்படும் அப்பகுதியில் வாழ்பவர் வியட்நாம் கத்தோலிக்கர். அவர்களுள் மூத்தோர் பலர் வடவியட்நாமில் பிறந்தவர்கள். 1954 இல் நாடு இரண்டாகப் பிளவுபட்டபோது, நம்பிக்கையைக் காக்க வீடு வாசலை விட்டுத் தெற்கே வந்தார்கள். 1975 இல் சைகோன் வீழ்ந்தபோது மீண்டும் அனைத்தையும் விட்டுக் கடல் கடந்தார்கள். அன்றைய நியூ ஆர்லியன்ஸ் பேராயர் பிலிப் ஹன்னன் அவர்களை வரவேற்றுக் குடியமர்த்தினார். 1965 இல் பெட்சி புயல் நகரைக் கலைத்த சில வாரங்களில் பொறுப்பேற்ற பேராயர் அவர். சதுப்பு நிலத்தோரம் கிடைத்த அடுக்குக் குடியிருப்புகளில் தொடங்கிய வாழ்வு நாளடைவில் வீடுகளாகவும் கடைகளாகவும் விரிந்தது. காலியிடங்களில் கீரைத் தோட்டங்கள் தழைத்தன. 'வியட்நாம் அரசி மரியா' பங்கும் மலர்ந்தது.

கத்ரீனா அவர்களை மூன்றாம் முறையாக அகதிகளாக்கியது. பங்குத்தந்தை வியென் நுயென் புயலின்போது தப்பிச் செல்ல இயலாத மக்களோடு அங்கேயே தங்கினார். பின்னர் டெக்சாஸ், ஆர்கன்சாஸ் மாநில முகாம்களில் சிதறிய தம் மக்களைத் தேடிச் சென்றார். அம்முகாம்களுள் ஒன்றான ஃபோர்ட் சாஃபி, 1975 இல் வியட்நாம் அகதிகள் பல்லாயிரவர் தங்கவைக்கப்பட்ட அதே இராணுவ முகாம் என்பது வரலாற்றின் விந்தை.

2005 அக்டோபர் மாதத் தொடக்கத்தில், மின்சாரமும் குடிநீரும் இல்லாத பங்கு ஆலயத்தில் சில நூறு பேர் கூடித் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். அதுவே திரும்பி வந்ததன் முதல் அறிவிப்பு. பங்கு ஏற்கெனவே பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் பொதுநிலைத் தலைவர்கள் இருந்தனர். நம் பங்குகளின் அன்பியங்களை இது நினைவூட்டும். அந்த அமைப்பே இப்போது கூரை வேய்வோர், சுவர் எழுப்புவோர், சமைப்போர் என்று பணி பிரித்துக் கொண்டது. மக்கள் இல்லாத இடத்துக்கு மின்சாரம் தர இயலாது என்று மின் நிறுவனம் தயங்கியபோது, பங்குத்தந்தை திருப்பலிக்கு வந்த மக்களின் புகைப்படங்களையும், திரும்பிய குடும்பங்களின் பட்டியலையும் கொண்டுபோய் வைத்தார். நவம்பர் மாதத்தில் விளக்குகள் எரிந்தன. நகரின் பல பகுதிகள் இருளில் கிடந்த காலம் அது.

ஏன் இந்த அவசரம்? 2006 ஜனவரியில் வெளிவந்த நகரச் சீரமைப்புத் திட்டம், தாழ்வான பகுதிகளுக்கு மக்கள் திரும்புவது உறுதியாகும் வரை அங்கே கட்டட அனுமதியை நிறுத்திவைக்கலாம் என்றும், சில இடங்களைப் பூங்காவாக விடலாம் என்றும் ஆலோசனை கூறியது. திரும்பி வராதவர்களின் ஊர் வரைபடத்திலிருந்து மறைந்துபோகும் நிலை. வெர்செய்ல்ஸ் மக்களோ திட்டம் வருமுன்பே திரும்பிவிட்டனர்.

சோதனை ஓயவில்லை. 2006 பிப்ரவரியில் நகர மேயர் ரே நாகின், தம் அவசரகால அதிகாரத்தைப் பயன்படுத்தி, இவர்களின் குடியிருப்புக்கு இரண்டு மைலுக்கும் குறைவான தொலைவில் புயல் குப்பைகளைக் கொட்டும் கிடங்குக்கு அனுமதி அளித்தார். மற்றவர் வீட்டிலிருந்து தொண்டர்கள் எடுத்த நச்சுக் குப்பை இவர்கள் தோட்டத்து நீரில் கசியும் அபாயம். அதுவரை பொதுவாழ்வில் குரல் எழுப்பாத முதியோர் செபமாலை ஏந்திய கைகளில் பதாகையும் ஏந்தி, நகர மன்றத்தின் முன் நின்றனர். அண்டையில் வாழ்ந்த கறுப்பின மக்களும் தோள் கொடுத்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் கிடங்கு மூடப்பட்டது. 2007க்குள் அச்சமூகத்தில் பத்தில் ஒன்பது பேர் வீடு திரும்பிவிட்டனர்.

மூடப்பட்ட கதவுகள்

வரலாற்றை எழுதுவோர் வெற்றிப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டலாகாது. புயலால் மறைமாவட்டமே ஏழையாகிவிட்டது. ஆலயங்கள் சிதைந்தன, மக்கள் திரும்பவில்லை, குருக்கள் போதவில்லை. பேராயர் ஆல்ஃபிரட் ஹியூஸ் பங்குகளை இணைக்கவும் மூடவும் முடிவு செய்தார். புயலுக்கு முன் இருந்த 142 பங்குகள் 2008 ஆம் ஆண்டுத் திட்டப்படி 108 ஆகக் குறைந்தன.

அவற்றுள் மனத்தை மிக உறுத்திய நிகழ்ச்சி தூய அகுஸ்தினார் பங்கினுடையது. 1841 இல் விடுதலை பெற்ற கறுப்பினக் கத்தோலிக்கர் முயன்று எழுப்பிய பங்கு அது. அடிமைகளுக்காகவும் இருக்கைகளுக்குப் பணம் கட்டி அவர்களை உள்ளே அமர்த்திய பெருமை அதற்கு உண்டு. கறுப்பினக் கன்னியர் சபையை நிறுவிய வணக்கத்துக்குரிய ஹென்ரியட் டெலீல் செபித்த ஆலயம். 2006 மார்ச்சில் அப்பங்கு கலைக்கப்பட்டபோது மக்கள் கொதித்தெழுந்தனர். வீடுகளைச் சீரமைக்க வெளியூரிலிருந்து வந்த இளந்தொண்டர்கள் சிலர் பங்கு இல்லத்துக்குள் தங்கிக் கதவை அடைத்துக் கொண்டனர். திருப்பலியே தடைபட்ட வருத்தமும் நேர்ந்தது. ஏப்ரலில், நிபந்தனைகளோடு பங்கு மீண்டும் திறக்கப்பட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. இருப்பதைப் பகிர்ந்து எல்லாரையும் காக்க வேண்டிய பொறுப்பு பேராயருக்கு இருந்தது. ஆனால் வீடு, வேலை, தெரு அனைத்தையும் இழந்தவனிடம் எஞ்சியிருந்தது, தான் திருமுழுக்குப் பெற்ற ஆலயம் ஒன்றே. அதையும் கணக்குப் பார்த்து எடுத்துவிட்டால், அவன் எதற்காகத் திரும்ப வேண்டும்? வெர்செய்ல்ஸில் பங்கு முதலில் திரும்பியது, மக்கள் பின்தொடர்ந்தனர். மக்கள் திரும்பட்டும், பிறகு பங்கைப் பார்ப்போம் என்று சொன்ன இடங்களில் இரண்டுமே தளர்ந்தன.

நெகேமியாவின் பாடம்

திருவிவிலியத்தில் நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை நாம் விரைவாகக் கடந்து விடுவதுண்டு. வெறும் பெயர்ப் பட்டியல் போலத் தோன்றும். ஆயினும் அதைக் கூர்ந்து பார்த்தால், எருசலேமின் இடிந்த மதிலைப் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைப் பழுதுபார்த்துக் கட்டினார்கள் என்பது விளங்கும். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களின் உதவி ஏற்கப்பட்டது. ஆனால் மதிலை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தோர் அந்நகரில் வாழ வேண்டியவர்களே.

2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையைக் கண்ட நம் கடற்கரைப் பங்குகளுக்கு இது புதிய செய்தியன்று. உதவிக்கு வந்தோர் பலர். மீனவரிடம் கேட்டு உதவியோர் எத்தனை பேர் என்பதை அக்கரைகளே அறியும்.

2021 இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, ஐடா புயல் லூசியானாவைத் தாக்கியது. கத்ரீனாவுக்குப் பின் பல நூறு கோடி டாலர் செலவில் உயர்த்திக் கட்டப்பட்ட நியூ ஆர்லியன்ஸின் கரைகள் இம்முறை தாங்கின. மின்சாரம் மட்டும் நகரெங்கும் அணைந்தது. மதில்களை அரசு கட்டலாம், கட்டவும் வேண்டும். ஆனால் இருளில் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி, முதியவரின் பெயர் சொல்லி அழைத்து, நலமா என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்தப் பெயரைப் புயலுக்கு முன்பே அறிந்து வைத்திருப்பதுதான் பங்கு வாழ்வு. தொண்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது.