சொறிந்தால் அடங்காத அரிப்பு: ஒரு கால் வியாதியின் கதை

ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் ஒரு நடை கேட்கும். மயிலாப்பூரில் பழைய அடுக்குமாடி வீடு, மொசைக் தரை. வெறுங்கால் தரையில் உரசும் சத்தம் மட்டும், போகும், வரும். அமெரிக்க டீமோடு கால் இருக்கும் நாட்களில்தான் நான் அந்த நேரத்தில் விழித்திருப்பேன். அப்படித்தான் ஒருநாள் தெரிந்தது, அம்மா தினமும் நடக்கிறார் என்று.

"என்னம்மா, தூக்கம் வரலையா?"

"கால் அரிக்குதுடா. தோல்ல இல்ல, உள்ள. சொறிஞ்சா எட்ட மாட்டேங்குது. நாலு நடை நடந்தா விடுது, படுத்தா மறுபடி ஆரம்பிச்சிடுது."

இந்த நான்கைந்து வாக்கியத்தில் முழு நோயறிதலும் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. எங்களுக்கு மட்டுமா? அதற்கு முன் நாலு வருஷம் அம்மாவைப் பார்த்த யாருக்கும் தெரியவில்லை. "அரிக்குது" என்றதும் காலைப் பார்த்தார்கள். தோலில் ஒன்றும் இல்லை. வறட்சி என்று ஒரு களிம்பு, அலர்ஜி என்று ஒரு மாத்திரை. "வயசாச்சு, நரம்புத் தளர்ச்சி" என்றார் ஒருவர். மாத்திரை போட்டால் கண் சொக்கும், ஆனால் கால் தூங்காது. சொல்லப்போனால் மாத்திரை போட்ட ராத்திரிகளில்தான் நடை அதிகம். அதை நாங்கள் கவனித்தோம், ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை. பக் ரிப்போர்ட் தப்பான டீமுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான்.

தப்பு எங்கே நடந்தது என்று யோசித்தால், ஒரு சொல்லில் நடந்திருக்கிறது. தமிழில் 'அரி' என்பதற்குத் தோல் தேவையில்லை. கறையான் மரத்தை அரிக்கிறது, கடல் கரையை அரிக்கிறது, கவலை மனதை அரிக்கிறது. உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பது எல்லாமே அரிப்புதான். ஆனால் டாக்டர் மேஜையில் அது இங்கிலீஷ் ஆகும்போது தோலுக்குப் போய்விடுகிறது. 1660-இல் ஜெர்மனியின் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற மருத்துவர் அரிப்புக்கு ஒரு வரையறை கொடுத்தார்: சொறியத் தூண்டும் உணர்வு எதுவோ அதுவே அரிப்பு. தோல் மருத்துவத்தில் இன்றைக்கும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கணக்குப்படி அம்மாவுக்கு இருந்தது அரிப்பே இல்லை. அது சொறியத் தூண்டவில்லை, நடக்கத் தூண்டியது.

நடக்கத் தூண்டும் அந்த உணர்வை ஏட்டில் எழுதியவர்களில் முன்னோடியாக எல்லோரும் சொல்வது லண்டன் மருத்துவர் தாமஸ் வில்லிஸை. 1672-இல் லத்தீனில் வந்த நூல், 1685-இல் ஆங்கிலத்துக்குப் போனது. படுத்தவுடன் கைகால்கள் துள்ளி இழுக்க, சித்திரவதைக் கூடத்தில் கிடப்பவரைப் போல உறங்க முடியாமல் தவிப்பவர்களைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். ஒரு சீமாட்டிக்கு ஏறத்தாழ மூன்று மாதம் தினமும் அபின் கொடுத்ததாகவும் குறிப்பு உண்டு. சிரிக்க வேண்டாம், வேறு எதற்கும் அடங்காத கடுமையான நிலைக்கு இன்றைக்கும் அபின் வகை மருந்துகள் கடைசிக் கட்டமாகப் பட்டியலில் இருக்கின்றன. 1861-இல் ஜெர்மனியில் தியோடர் விட்மாக் இதற்குக் 'கெண்டைக்கால் பதற்றம்' என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு ரொம்ப காலம் இது நரம்புக் கோளாறு, மனக்கோளாறு, பெண்களின் பதற்றம் என்ற பெட்டிகளிலேயே கிடந்தது.

வெளியே எடுத்தவர் சுவீடனின் கார்ல்-ஆக்சல் எக்போம். 1945-இல் வந்த அவருடைய ஆய்வு நூல்தான் 'அமைதியற்ற கால்கள்' என்ற பெயரை நிலைநிறுத்தியது. ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். இதே எக்போம் 1938-இல் வேறொரு நோயைப் பற்றியும் எழுதியிருந்தார். தோலுக்கடியில் பூச்சி ஊர்கிறது என்று உறுதியாக நம்பும் மனநோய் அது. அதற்கும் அவர் பெயர்தான். ஆக 'எக்போம் நோய்' என்று தேடினால் இரண்டு வரும்: ஒன்றில் பூச்சி நம்பிக்கை, இன்னொன்றில் பூச்சி ஊர்வது போன்ற உண்மையான உணர்வு. இரண்டும் வேறு வேறு என்று பிரித்துப் பார்க்க அவரைவிடத் தகுதியான ஆள் கிடைத்திருக்க மாட்டார். "உங்களுக்கு மனசுல பிரச்சினை" என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

எக்போம் நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியதில் ஒரு விஷயம் மேலே வந்தது. கர்ப்பிணிகள், ரத்தசோகை உள்ளவர்கள், அடிக்கடி ரத்ததானம் செய்பவர்கள். பொதுவாக இருப்பது இரும்புச் சத்துக் குறைவு. அதே சுவீடனில் நோர்ட்லாண்டர் என்பவர் 1950களின் தொடக்கத்தில் ரத்தநாளம் வழியே இரும்பு ஏற்றிப் பார்த்தார், பலருக்குக் குணம் தெரிந்தது. அவர் சொன்ன ஒரு யூகம் எனக்கு ரொம்பப் பிடித்தது: ரத்தத்தில் இரும்பு சரியாக இருந்தாலும் திசுவுக்குள் போதாமல் இருக்கலாம். அரை நூற்றாண்டு கழித்து, 2000-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு இந்த நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தபோது, இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதம் அங்கே குறைவாக இருந்தது. மூளையில் டோபமைன் தயாராவதற்கு இரும்பு வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் அந்தக் கணக்கு இடிக்கும்போது காலில் தெரிகிறது. கோளாறு காலிலும் இல்லை, தோலிலும் இல்லை.

இதெல்லாம் சுவீடன் கதை. நம்ம ஊரில் யாராவது ராத்திரியில் படுத்தும் கால்களைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். நேராக இதே நோய் அகப்படவில்லை, ஆனால் பக்கத்து வீட்டு நோய் ஒன்று அகப்பட்டது: பாத எரிச்சல். வேறு வியாதிதான், இதில் நடக்கத் தூண்டும் உந்துதல் முக்கியமில்லை, எரிச்சல்தான் முக்கியம். ஆனால் அதுவும் ராத்திரியில்தான் கூடும், தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

1826-இல் கிரியர்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பர்மாவில் இருந்த இந்திய சிப்பாய்களிடம் இதைக் கண்டு எழுதினார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் காரணம் தெரியாமலே கிடந்தது. அதை அவிழ்த்தவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். சேலத்தில் 1918-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் சேர்ந்த சி. கோபாலன். பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் ஆனவர், 2019-இல் சென்னையில் தன் 100-ஆவது வயதில் மறைந்தவர். அவருடைய 1946-ஆம் வருஷக் கட்டுரை, ஏழைகளிடம் வந்த பாத எரிச்சலைப் பற்றியது. பி வைட்டமின்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கிறார். பி1 கேட்கவில்லை. நிகோடினிக் அமிலமும் ரிபோஃப்ளேவினும் கேட்கவில்லை. பேண்டோதெனிக் அமிலம் கேட்கிறது. நாங்கள் ஒவ்வொரு மாட்யூலாக அணைத்துப் பார்த்துப் பிழை தேடுவோமே, அதே வேலை. இன்றைக்கும் மருத்துவ நூல்களில் இது கிரியர்சன்-கோபாலன் நோய்.

குன்னூர் ஆய்வகமே அரிசியில் பிறந்தது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் பெரிபெரி விசாரணைப் பிரிவாகத் தொடங்கினார். மில்லில் தீட்டிய அரிசி, பறிபோன தவிடு, அதனால் வந்த வியாதி. எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டைக் கொடுத்து அவர் நடத்திய சோதனையில் சீக்கியர் சாப்பாட்டு எலி கொழுகொழுவென்று வளர்ந்தது, 'மதராஸி' சாப்பாட்டு எலி கடைசி. நமக்குக் கொஞ்சம் அவமானம்தான். இன்னொரு ஆச்சரியம்: 1933-இல் பேண்டோதெனிக் அமிலத்தைக் கண்டுபிடித்த ரோஜர் வில்லியம்ஸ் பிறந்தது 1893-இல் உதகமண்டலத்தில், பாதிரியார் குடும்பத்தில். இரண்டு வயதில் அமெரிக்கா போய்விட்டார். பி1 வைட்டமினை செயற்கையாகத் தயாரித்த அவருடைய அண்ணன் ராபர்ட் பிறந்தது நெல்லூரில். ஊட்டியில் பிறந்தவர் கண்டுபிடித்த சத்து, பக்கத்து மலையூரின் ஆய்வகத்துக்காரர் கையில் மருந்தாகிறது.

அந்தச் சத்தின் பெயருக்கு கிரேக்கத்தில் 'எல்லா இடத்திலிருந்தும்' என்று பொருள். அதாவது ஏறக்குறைய எல்லாச் சாப்பாட்டிலும் இருப்பது. அதுவே கிடைக்காத அளவுக்கு ஒருவர் என்ன சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் முகாம்களில் கிடந்த போர்க் கைதிகளுக்கும் இதே எரிச்சல் வந்தது. ராத்திரியெல்லாம் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். கிண்டலாக அவர்கள் வைத்த பெயர், 'சந்தோஷப் பாதங்கள்'.

எக்போம், கோபாலன் இருவரும் ஏறக்குறைய ஒரே காலம். ஒருவரை ஒருவர் படித்தார்களோ என்னவோ, ஆனால் இருவருமே காலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, இந்த ஆளுக்கு என்ன கிடைக்கவில்லை என்று தேடினார்கள்.

அந்தக் கேள்வியோடுதான் அம்மாவை வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் நாலே கேள்வி கேட்டார். காலை அசைத்தே ஆகவேண்டும் போல இருக்கா? சும்மா இருந்தா கூடுதா? நடந்தா குறையுதா? சாயங்காலத்துக்கு மேல மோசமா? நாலுக்கும் ஆமாம். ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் 22. ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தே இல்லை, ஆய்வகக் கணக்கில் அது 'நார்மல்'. ஹீமோகுளோபினும் பரவாயில்லை. ஆனால் இந்த நோய்க்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது இன்றைய வழிகாட்டுதல். நோர்ட்லாண்டர் சொன்னதுதான்.

அடுத்து அவர் நிறுத்தச் சொன்னது அலர்ஜி மாத்திரையை. ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் மாதிரி தூக்கம் வரவைக்கும் பழைய ரக மாத்திரைகள் இந்தக் கால் நோயைக் கிளப்பிவிடும் என்பது தெரிந்த விஷயமாம். அரிப்புக்கென்று கொடுத்ததே அரிப்பை வளர்த்திருக்கிறது. அந்த நாலு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் யாரைச் சொல்வது? "அரிக்குது" என்று சொன்னது நாங்கள்தானே.

சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கத்தையும் மாற்றச் சொன்னார், காபி இரும்பைச் சேரவிடாது. மயிலாப்பூரில் இது சின்ன விஷயமில்லை, பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. இப்போது சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம், மூன்று மணிக்கு மேல் காபி கிடையாது. படுக்கும் முன் வெந்நீரில் கால் வைக்கிறார். வந்துவிட்டால் சொறியாமல் கெண்டைக்காலை அழுத்திப் பிடிக்கிறார், அல்லது உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போடுகிறார். மூளைக்கு வேலை கொடுத்தால் கொஞ்சம் அடங்குகிறது. முழுக்கப் போகவில்லை. வாரத்தில் ஆறு ராத்திரி இருந்தது இரண்டாகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். உடம்பில் இரும்பு கூடினாலும் ஆபத்து, சோதித்துப் பார்த்துத்தான் போட வேண்டும்.

ஒரு விஷயம் உறுத்துகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் பெங்களூரில் எடுத்த ஒரு கணக்கில் இந்தக் கால் நோய் சுமார் 2 சதவீதம்தான், மேற்கத்திய நாடுகளில் சொல்லப்படுவதைவிடக் குறைவு. மரபணு காரணமாக இருக்கலாம். எனக்கென்னவோ கேள்வித்தாளின் மொழியிலும் கொஞ்சம் காரணம் இருக்கும் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் எங்கள் பாட்டியும் ராத்திரியில் பழைய புடவைத் துணியால் இரண்டு காலையும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் படுப்பார். இந்த நோய் குடும்பத்தில் வழிவழியாக வரும் என்று இப்போதுதான் படித்தேன். அம்மாவிடம் கேட்டேன், பாட்டி இதை அரிப்பு என்றா சொல்வார்?

"அரிப்பா? அவ எப்பவும் கால் குடைச்சல்னுதான் சொல்லுவா" என்றார் அம்மா.