எங்கிருந்து வந்த சொல்?



1989ஆம் ஆண்டு நான் மயிலாப்பூர்ப் பள்ளியொன்றில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் தேர்வில் ‘ஃபிரம் வென்ஸ்’ என்று எழுதியிருந்தான். ‘ஃபிரம்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். ‘வென்ஸ்’ என்பதிலேயே ‘இருந்து’ என்னும் பொருள் அடங்கியிருக்க, மற்றோர் ‘இருந்து’ எதற்கு? சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் நான் பெற்ற பாடம் அது. பையன் ‘எங்கிருந்து’ என்று தமிழில் எண்ணி எழுதிவிட்டான் என்றே கருதினேன்.

பழைய ஆங்கிலத்தில் இடச்சொற்கள் மும்மூன்றாக வழங்கின. இருக்கும் இடத்துக்கு ‘வேர்’. போகும் இடத்துக்கு ‘விதர்’. புறப்பட்ட இடத்துக்கு ‘வென்ஸ்’. அவ்வாறே ‘ஹியர், ஹிதர், ஹென்ஸ்’. ‘தேர், திதர், தென்ஸ்’. (‘வேர்ஃபோர்’ இக்குடும்பத்தது போல் தோன்றினும் ‘ஏன்’ என்றே பொருள்படும். ஷேக்ஸ்பியரின் ஜூலியட், ரோமியோ எங்கே என்று தேடவில்லை!)

இச்சொற்கள் வினாவுக்கு மட்டுமன்றி, வாக்கியங்களை இணைக்கவும் பயன்பட்டன. நாம் அவ்வேலையைப் பெயரெச்சத்தால் முடித்துக்கொள்கிறோம். ஆனால் ‘அவன் வந்த ஊர்’ என்றால், வந்து சேர்ந்த ஊரா, விட்டு வந்த ஊரா? ‘விதர்’, ‘வென்ஸ்’ இரண்டும் அவ்வையத்தை நீக்கின. பின்னர் ‘விதர்’ வழக்கொழிய, அதன் வேலையையும் ‘வேர்’ ஏற்றது. ‘எங்கே இருக்கிறாய்’, ‘எங்கே போகிறாய்’ என்னும் இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘எங்கே’ போதுவது போல. ‘வென்ஸ்’ இருந்த இடத்தில் இன்று ‘ஃபிரம் வேர்’ எனல் இயல்பு. நாமும் ‘இங்கு, அங்கு’ என்பவற்றோடு நின்ற ‘உங்கு’ என்பதைப் பேச்சில் இழந்தோம். யாழ்ப்பாணத்தார் ‘உங்கை’ என்று இன்றும் காக்கின்றனர்.

மறுநாள் அம்மாணவன் தன் பாட்டனாரின் ஆங்கில வேதாகமத்தைக் கொணர்ந்தான். “சார், இதில் இருக்கிறதே” என்றான். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பு, 121ஆம் சங்கீதம், ‘ஃபிரம் வென்ஸ்’ என்றே இருந்தது. “பழைய நூல்; தேர்வுக்கு ஆகாது” என்று அனுப்பிவிட்டேன்.

பின்னொரு நாள் சாமுவேல் ஜான்சனின் அகராதியைப் புரட்டினேன். அத்தொடரை அவர் பிழை வழக்கென்று கண்டித்திருந்தார். அந்த அகராதி வெளிவந்தது 1755இல். வேதாகமத்துக்கு 144 ஆண்டுகள் பின்னர். ஷேக்ஸ்பியரும் அத்தொடரை ஆண்டவரே. அந்த வேதாகமத்திலேயே, யோபுவின் வரலாற்றில், ‘வென்ஸ்’ தனித்தும் நிற்கிறது. இரண்டும் அன்று வழக்கில் இருந்தன. நான் கற்பித்த விதியே இளையது.

அந்த மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேனா என்றால், இல்லை. நான் அகராதியைப் பார்த்தபோது, அவன் பள்ளியை விட்டுச் சென்று ஈராண்டு ஆகியிருந்தது.