செவ்வகமாகப் பிறந்த பல்ஸ்

1950-இல் எர்வின் ஹான், அணுக்கருக்களிடமிருந்து திரும்பி வரும் 'ஸ்பின் எதிரொலி'யை அறிவித்தபோது, அணுக்கருக்களைத் திருப்பிய ரேடியோ பல்ஸுக்கு உருவம் என்று எதுவும் இல்லை. போடு, நிறுத்து, வெறும் செவ்வகம். அதன் வலு சற்றுப் பிசகினால் திருப்பமும் பிசகும். 1979-இல் லெவிட்டும் ஃப்ரீமனும் 90, 180, 90 டிகிரி என மூன்று துண்டுகளை ஒட்டி, நடுத்துண்டின் கட்டத்தை மாற்றி, பிழையைப் பிழையாலேயே ஈடுகட்டினார்கள்.

சென்னையில் இந்தப் பல்ஸை ஆழ்ந்து படித்த இடங்களில் ஒன்று, யாரும் எதிர்பாராத அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கே வேதி இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த என். சந்திரகுமாரும், அதே சர்தார் படேல் சாலையிலுள்ள ஐ.ஐ.டி.யின் எஸ். சுப்ரமணியனும் எழுதிய அணுக்கருக் காந்த ஒத்திசைவு (என்.எம்.ஆர்.) நூலை 1987-இல் ஸ்பிரிங்கர் வெளியிட்டது. குவாண்டம் கணினி என்ற பேச்சே அரிதாக இருந்த காலம் அது. குவாண்டம் நிலையைச் சொன்னபடி ஆட்டிவைக்கும் கலையோ அப்போதே இங்கே பாடமாகிவிட்டது.

பல்ஸுக்கு உருவம் தேடும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும் முறைகளில் ஒன்று, 2005-இல் வந்த 'கிரேப்'. அதை அறிவித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த நவீன் கனேஜா. பல்ஸை 500 துண்டாக நறுக்கினால், எந்தத் துண்டை ஏற்றுவது, எதை இறக்குவது? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் ஒரு சுற்றுக்கே ஐந்நூறு கணக்கு. கிரேப் இரண்டோடு முடிக்கிறது: தொடக்க நிலையை முன்னோக்கி ஓட்டு, சேரவேண்டிய நிலையைப் பின்னோக்கி ஓட்டு, இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு துண்டிலும் திருத்தம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, கையிருப்பிலிருந்து முன்னோக்கி எண்ணி, தி.நகருக்குப் புடவை எடுக்கப் போகும் நாளைக் குறிக்கிறோமே, அந்தக் கணக்குதான். பின்னோக்கி ஓட்டும் யோசனை கனேஜாவுடையது அல்ல. 1950-களில் மாஸ்கோவில் பார்வையற்ற கணித மேதை பொந்த்ரியாகின் குழு வகுத்த உச்சக் கோட்பாட்டின் வழி வந்தது.

2009-இல் மொட்சோய், கம்பெட்டா முதலியோர் குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டில், மீக்கடத்தி வகைக்கு 'டிராக்' பல்ஸைத் தந்தார்கள். அவசரமாகத் திருப்பினால் க்யூபிட் மூன்றாம் மட்டத்துக்கு நழுவும். பல்ஸின் சரிவைக் கணக்கிட்டு இன்னொரு கட்டத்தில் சேர்த்தால் அந்த நழுவல் குறையும்.

2022-இல் சென்னை ஐ.ஐ.டி. ஐ.பி.எம். குவாண்டம் வலையமைப்பில் சேர்ந்தது; இந்திய நிறுவனங்களில் அதுவே முதல். இங்கே மாணவர் 'எக்ஸ்' என்று ஓரெழுத்து ஆணை எழுதினால், தொலைவிலுள்ள எந்திரத்தில் அது நானோநொடி மைக்ரோஅலைப் பல்ஸாகிறது. ஆனால் அந்தப் பல்ஸை வடிவமைக்க, கிரேப்பாலும் எல்லாம் ஆகிவிடாது. 10 க்யூபிட்டின் நிலையை எழுத 1,024 எண்கள் போதும். 50 க்யூபிட்டுக்கு ஆயிரம் லட்சம் கோடிக்கு மேல் வேண்டும். ஆகவே ஓரிரு க்யூபிட்டுக்கு மட்டும் கணக்குப் போட்டு, மிச்சத்தை எந்திரத்திலேயே அளந்து திருத்துகிறார்கள்.