மறைந்திருந்த ஓராண்டு: நாமக்கல் சமவெளியில் மருத்துவச் சேர்க்கையும் ரிப்பீட்டர்களும்

ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையிலான குழு 2021 ஜூலையில் தமிழ்நாடு அரசிடம் அளித்த அறிக்கையில், அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதும் குறைவாக ஆராயப்பட்டதுமான ஒரு கணக்கு உண்டு. 2016-17ஆம் கல்வியாண்டில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்றவர்களில் ரிப்பீட்டர்கள், அதாவது பிளஸ் டூ முடித்த ஆண்டைத் தாண்டி விண்ணப்பித்தவர்கள், 12.47 சதவீதம். 2020-21இல் 71.42 சதவீதம். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, நீட்டுக்கு முன்பு பள்ளி முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குப் போன பிள்ளையிடமிருந்து நீட் ஓர் ஆண்டைப் பறித்துக்கொண்டது என்னும் வாசிப்பு ஆய்வுலகில் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. எண்களை நான் மறுக்கவில்லை. அந்த ஆண்டு முன்பு இல்லவே இல்லை என்ற முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. நாமக்கல் பகுதியைப் பொறுத்தவரையிலாவது, அது பள்ளிக்குள்ளேயே, பிளஸ் ஒன் என்ற பெயரில் இருந்தது என்பதே என் வாதம்.

பழைய கட்-ஆஃப் கணக்கிடப்பட்ட விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். மருத்துவத்துக்கு மொத்தம் 200: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மூன்றுமே பிளஸ் டூ பொதுத்தேர்வு மதிப்பெண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை. பிளஸ் ஒன்னுக்கு அப்போது பொதுத்தேர்வு இல்லை. அதில் பெற்ற ஒரு மதிப்பெண்ணும் கட்-ஆஃபில் சேராது. ஆகவே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பல என்ன செய்தன என்பது இங்கே ஊரறிந்த செய்தி. பிளஸ் ஒன் சேர்ந்த சில வாரங்களிலேயே பிளஸ் டூ புத்தகம் கைக்கு வந்துவிடும். விடியுமுன் எழுப்பி, பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை வரி மாறாமல் எழுத வைத்து, வாரத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தார்கள். பிளஸ் ஒன் தாவரவியல் புத்தகம் மடிப்புக் கலையாமல் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. ஓராண்டுப் பாடத்துக்கு ஈராண்டு எடுத்துக்கொள்வது ரிப்பீட்டர் செய்யும் அதே வேலைதான். பள்ளியை விட்டு வெளியேறுமுன்பே அது முடிந்துவிட்டதால் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

அதற்கும் முன்னால் இந்த ஆண்டு வெளிப்படையாகவே இருந்தது. ஒருமுறை தேறியவர்கள் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள மறுபடி எழுதும் இம்ப்ரூவ்மென்ட் முறையைத் துறை சார்ந்தோர் மறந்திருக்க முடியாது. தொழிற்கல்விக்கு அப்போது இருந்த மாநில நுழைவுத்தேர்வை 2005இல் நீக்கி ஆணையிட்டபோது அரசு இதையும் சேர்த்தே நீக்க முனைந்தது. வழக்குகளையெல்லாம் தாண்டி, 2006இல் இயற்றப்பட்டு 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டத்துக்குப் பிறகு நுழைவுத்தேர்வு நிலையாக ஒழிந்தது. இரண்டாம் முறை எழுதி மதிப்பெண் கூட்டும் வழியும் அடைபட்டது. பிளஸ் ஒன்னை விழுங்கும் பழக்கம் அந்த அடைப்பால்தான் தொடங்கியது என்று சொல்ல எனக்குச் சான்று போதாது. வெளியே மூடிய கதவு உள்ளே அதற்கு வலுச்சேர்த்தது என்று கருத மட்டும் இடமிருக்கிறது.

இப்போது 12.47க்குத் திரும்பலாம். இந்த விழுக்காட்டினர் எதற்காகக் காத்திருந்தார்கள்? மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்த வழியில்லாத காலம் அது. பழைய மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு கட்-ஆஃப் இறங்கும், இடங்கள் கூடும் என்ற நம்பிக்கையில் விண்ணப்பித்தவர்களே இவர்களில் பெரும்பாலோராக இருக்க வேண்டும். அவர்களுடைய காத்திருப்பில் படிப்பு இல்லை. 2020-21இன் 71.42இல் உள்ளவர்களோ ஓராண்டு நீளும் ‘லாங் டெர்ம்’ கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தை மறுபடி படித்தவர்கள், வேறு பட்டப்படிப்பில் சேர்ந்து பாதியில் விட்டு வந்தவர்கள், பல் மருத்துவ இடத்தை வைத்துக்கொண்டே மீண்டும் எழுதியவர்கள் எனப் பலவகையினர். முதல்முறையாளர், மறுமுறையாளர் என்ற இரண்டே பிரிவுகளில் இத்தனை வாழ்க்கைகளும் அடைக்கப்பட்டிருக்கின்றன. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறான இரு கூட்டங்களை ஒரே அளவுகோலில் நிறுத்தி, ஏறத்தாழ ஆறு மடங்கு உயர்வு என்று எழுதுவதில் உள்ள இடர்ப்பாடு போதிய அளவு பேசப்படவில்லை.

இந்த வாசிப்புக்கு 2017ஆம் ஆண்டு வலுவான துணை. முந்தைய ஆண்டில் 957 எம்.பி.பி.எஸ். இடங்களைப் பெற்ற நாமக்கல் மாவட்டம் நீட் வந்த அந்த ஆண்டில் 109ஆகச் சுருங்கியது. சென்னை 113இலிருந்து 471ஆக ஏறியது. பாடத்திட்ட வேறுபாடு, ஆங்கிலவழி, நகரத்துக் கோச்சிங் வசதி என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் உண்மையே. ஆனால் நாமக்கல்லின் சரிவு மாநிலத்திலேயே இத்தனை செங்குத்தாக இருந்ததற்கு அவை மட்டும் போதா. நீட் கேள்விகளில் பாதியளவு பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருபவை. எந்த வகுப்பைத் தாண்டிக் குதித்து இந்த மாவட்டம் முன்னணிக்கு வந்ததோ, அந்த வகுப்பே திரும்பி நின்று கணக்குக் கேட்டது. 2017-18இல் இங்கே ரிப்பீட்டராக உட்கார்ந்த பிள்ளைகளில் பலர், பள்ளி தங்களுக்கு நடத்தாமல் விட்ட பிளஸ் ஒன்னை முதன்முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது விடுபட்ட ஆண்டைத் திரும்பச் செலுத்தும் ஆண்டு.

957 பேரும் நாமக்கல் பிள்ளைகள் அல்லரே என்று கேட்கலாம். ஆம், அல்லர். அந்த எண் பள்ளி இருக்கும் இடத்தைக் குறிக்கிறது. பிள்ளையின் சொந்த ஊரை அல்ல. மாநிலம் முழுவதிலிருந்தும் வந்து விடுதியில் தங்கியவர்கள் அதில் அடக்கம். இந்த மறுப்பு என் வாதத்துக்கே உரம் சேர்க்கிறது. பிளஸ் ஒன்னுக்குள் மறைந்திருந்த அந்த ஆண்டு, விடுதிக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்குக் கிடைத்த சலுகை. எருமப்பட்டியை எடுத்துக்கொள்வோம். நாமக்கல்லிலிருந்து துறையூர் செல்லும் சாலையில், கொல்லிமலைக்குத் தெற்கே உள்ள பேரூராட்சி. சின்ன வெங்காயமும் மரவள்ளியும் கோழிப்பண்ணைக் கூலியுமாக வாழும் குடும்பத்துப் பிள்ளை, இதே மாவட்டத்தில் பிறந்தும், அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன்னைப் பிளஸ் ஒன்னாகவும் பிளஸ் டூவைப் பிளஸ் டூவாகவும் படித்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஈராண்டு உருப்போட்டவரோடு ஓராண்டுப் படிப்பைக் கொண்டு கட்-ஆஃபில் மோதியது. பழைய முறையைச் சமநீதியின் காலமாக நினைவுகூர்வோர் இந்தப் பிள்ளையைக் கணக்கில் எடுப்பதில்லை. இதனால் நீட்டுக்கு நற்சான்று கிடைத்துவிடாது. மறைந்திருந்த அநீதியை அது வெளியே கொண்டுவந்து, ஏழைக் குடும்பத்தின் தலையிலும் ஏற்றியது.

இன்று அந்தப் பிள்ளையின் வீட்டில் ‘இன்னொரு வருஷம் பாக்கட்டுங்களா, கெடச்ச கோர்ஸ்ல சேத்து உட்டறலாங்களா’ என்று பேச்சு எழும்போது அதைத் தனிமனிதத் தேர்வு என்று எழுதுவது பொருந்தாது. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமுன் ஓராண்டு எடுப்பவர் அதை ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ கழித்து, விண்ணப்பத்திலேயே அதைத் தகுதியாகக் காட்டலாம். இங்கே அந்த ஆண்டுக்கு ஒரே பயன், 720க்கு எத்தனை என்பதுதான். நீட்டை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. உச்ச வயது வரம்பும் 2022இல் போய்விட்டது. எப்போது நிறுத்துவது என்பதை விதி சொல்லாததால், கையில் உள்ள பணமே சொல்கிறது. மகள் என்றால் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்கிறது. 1985 முதல் நாமக்கல்லில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்றவற்றுக்கு இன்றும் பிளஸ் டூ கட்-ஆஃப் போதும். ஆகவே காத்திருப்பதன் விலையில் செலவழிந்த பணத்தோடு, கையில் வந்து விட்டுவிட்ட அந்த இடத்தையும் சேர்க்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. கடந்த காலத்தில் எந்த நடவடிக்கையும் எட்டாத அளவுக்கு இது எருமப்பட்டிகளுக்குக் கதவு திறந்தது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் முதல் முறை எழுதுபவரும் மூன்றாம் முறை எழுதுபவரும் அந்த ஒதுக்கீட்டுக்குள்ளேயே போட்டியிடுகிறார்கள். இடம் கிடைத்தபின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. இடத்துக்காகக் காத்திருந்த ஆண்டைப் பற்றிச் சட்டம் பேசவில்லை.

பிளஸ் ஒன்னுக்கு 2017-18 முதல் பொதுத்தேர்வு வந்தது, மறைந்த ஆண்டை மீட்க எடுக்கப்பட்ட நேரடி முயற்சி. உயர்கல்விச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் வேண்டாம் என்று 2018இல் அரசே அறிவித்ததும் அதன் பிடி தளர்ந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு தேர்வும் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் மனச்சுமை குறைய வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. நீட் இருக்கும்வரை எந்தப் பள்ளியும் பிளஸ் ஒன்னை ஒதுக்காது என்பார்கள். மருத்துவத்துக்கு அது சரி. பிளஸ் டூ கட்-ஆஃபால் நிரம்பும் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவ இடங்களுக்குப் பழைய வழி மறுபடி திறந்துகிடக்கிறது. ஆகவே மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் சேர்க்கை விவரத்தில் ஒவ்வொருவரும் பிளஸ் டூ முடித்து எத்தனை ஆண்டாயிற்று, எவ்வகைப் பள்ளியில் படித்தார், இடையில் வேறு படிப்பில் சேர்ந்திருந்தாரா என்ற மூன்றும் இடம்பெற வேண்டும். கால்நடை, வேளாண் பல்கலைக்கழகங்களும் இதையே செய்ய வேண்டும். பிளஸ் ஒன் வகுப்பறையில் எந்தப் புத்தகம் திறந்திருக்கிறது என்பதை மாவட்டக் கல்வி அலுவலர்கள் நேரில் சென்று பதிவுசெய்ய வேண்டும்.