ஆப் தொடங்குவது போல நாடும் தொடங்க முடியுமா? ‘நெட்வொர்க் ஸ்டேட்’ என்றால் என்ன?

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டி என்றொரு நகரம் இருக்கிறது. சீன ரியல் எஸ்டேட் நிறுவனமான கன்ட்ரி கார்டன் சுமார் 7 லட்சம் பேருக்காகத் திட்டமிட்டது. வீடுகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. 2024 செப்டம்பரில் அங்கே ‘நெட்வொர்க் ஸ்கூல்’ தொடங்கியது. அறையைப் பகிர்ந்துகொண்டால் மாதம் 1,000 டாலர் என்பது ஆரம்பக் கட்டணம். உடற்பயிற்சி, லேப்டாப்பில் வேலை, தொழில்நுட்ப வகுப்பு. பெங்களூருவில் கோ-லிவிங் விடுதியில் தங்கியிருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

ஆனால், இதைத் தொடங்கியவர் கட்ட நினைப்பது விடுதி அல்ல, நாடு.

யார் இவர்?

பாலாஜி ஸ்ரீனிவாசன். தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போன பெற்றோருக்குப் பிறந்தவர். ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் முதலீட்டு நிறுவனத்தின் முன்னாள் பங்குதாரர், காயின்பேஸ் கிரிப்டோ சந்தையின் முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி எனச் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பெரிய பெயர். 2013-ல் ஒரு ஸ்டார்ட்அப் மாநாட்டில் ‘பழைய அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், வெளியேறி புதிதாகக் கட்டுவோம்’ என்ற பொருளில் பேசினார். அதை விரித்து 2022 ஜூலை 4 அன்று ‘தி நெட்வொர்க் ஸ்டேட்’ புத்தகத்தை வெளியிட்டார். அமெரிக்க சுதந்திர தினத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை.

புத்தகத்தின் யோசனை இதுதான். முதலில் ஒரே கொள்கையில் நம்பிக்கையுள்ளவர்கள் இணையத்தில் கூட வேண்டும். பிறகு சேர்ந்து பணம் திரட்டி, உலகின் பல ஊர்களில் வீடு, தெரு, சின்ன நகரம் என வாங்க வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு வருமானம், எத்தனை சதுர அடி என்ற கணக்கை பிளாக்செயினில் எல்லோரும் பார்க்கும்படி பதிய வேண்டும். எண்ணிக்கை போதுமான அளவு வளர்ந்ததும், ஏற்கெனவே உள்ள நாடுகளிடம் போய் ‘எங்களை அங்கீகரியுங்கள்’ என்று கேட்க வேண்டும். வழக்கமாக நிலம், மக்கள், அரசு, அதன்பிறகு அரசின் வெப்சைட் என்று போகும் வரிசையை இவர் தலைகீழாகத் திருப்புகிறார்.

கிரிப்டோ உலகத்தில் இதற்கு ஆதரவு உண்டு. எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் 2023-ல் மான்டினீக்ரோவில் சுமார் 200 பேரை இரண்டு மாதம் ஒன்றாக வாழவைத்து ‘ஸுஸாலு’ என்ற சோதனையை நடத்தினார்.

சட்டப்படி நாடு என்றால் என்ன?

1933-ல் கையெழுத்தான மான்டிவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிரந்தர மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். நான்கும் இருந்தாலும் கதவு திறக்கும் என்று சொல்ல முடியாது. 1991-ல் சோமாலியாவிலிருந்து பிரிந்ததாக அறிவித்த சோமாலிலாந்தைப் பாருங்கள். சொந்த நாணயம், ராணுவம், தேர்தல் எல்லாம் உண்டு. 2017 அதிபர் தேர்தலில் வாக்காளர்களின் கருவிழியை ஸ்கேன் செய்து பட்டியல் தயாரித்தார்கள். டிஜிட்டல் நிர்வாகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 30 ஆண்டுகளுக்கும் மேலாக எந்த ஐ.நா. உறுப்பு நாடும் அங்கீகரிக்காமலேயே அது நடந்துகொண்டிருந்தது.

ஐ.நா.வில் சேர பாதுகாப்பு கவுன்சிலில் 9 ஓட்டு வேண்டும். ஐந்து வல்லரசுகளில் ஒன்றுகூட வீட்டோ போடக் கூடாது. பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இதற்கு ஏபிஐ கிடையாது.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் முயன்றார்

பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதியில் ஆசிரமம் நடத்திய, திருவண்ணாமலையில் பிறந்த நித்தியானந்தாவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. கர்நாடகாவில் பாலியல் வன்கொடுமை வழக்கை எதிர்கொண்டிருந்த அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். 2019-ல் ‘கைலாசா’ அறிவிக்கப்பட்டது. கொடி, பாஸ்போர்ட், ரிசர்வ் வங்கி, ஆன்லைனில் இ-குடியுரிமை என எல்லாம் வந்தன. மீம்ஸும் வந்தன.

சிரிப்புக்கு நடுவே சிலர் நிஜமாகவே ஏமாந்தார்கள். 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவர்க் நகரம் கைலாசாவோடு ‘சகோதர நகர’ ஒப்பந்தம் போட்டு, உண்மை தெரிந்ததும் ரத்து செய்தது. அடுத்த மாதம் ஜெனீவாவில் ஐ.நா. குழுக்களின் பொதுக் கூட்டங்களில் அதன் பிரதிநிதிகள் பேசினார்கள். அந்தக் கருத்துகள் கணக்கில் கொள்ளப்படாது என்று ஐ.நா. பிறகு விளக்கம் தந்தது. நவம்பரில் பராகுவேயில் கைலாசாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வேளாண் அமைச்சக அதிகாரி பதவி இழந்தார். 2025-ல் பொலிவியாவில் பழங்குடியினரின் அமேசான் நிலத்தை 1,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் முயற்சி வெளியே வந்து, கைலாசாவைச் சேர்ந்த 20 பேர் நாடு கடத்தப்பட்டார்கள்.

பாலாஜியையும் நித்தியானந்தாவையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கம் இல்லை. ஆனால், ‘நிலம் எங்கிருந்து வரும்?’ என்று கேட்டால் இரண்டு பக்கமும் கை நீள்வது ஒரே இடத்துக்குத்தான்: பணம் தேவைப்படும், அரசு பலவீனமாக இருக்கும் ஓர் ஏழை நாட்டின் ஓரம்.

ஹோண்டுராஸில் நடந்தது அதுதான். அங்கே 2013-ல் ஒரு சட்டம், தனியார் நிறுவனங்கள் தங்களுக்கென விதிகள் வகுத்துக்கொள்ளும் சிறப்பு மண்டலங்களை அனுமதித்தது. அதன்படி ரோவாட்டன் தீவில் ‘ப்ரோஸ்பெரா’ உருவானது. குறைந்த வரி, ஆன்லைன் பதிவு, சொந்தமாகத் தீர்ப்பாயம். பக்கத்து கிராமமான க்ராஃபிஷ் ராக் மக்கள், தங்கள் நிலமும் போய்விடுமோ என்று பயந்தார்கள். எடுக்கமாட்டோம் என்றது நிறுவனம். 2021 தேர்தலில் ஆட்சி மாறியது, 2022 ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டத்தை நீக்கியது, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த மண்டலங்களே அரசியலமைப்புக்கு எதிரானவை என்றது. கதை முடிந்தது என்று நினைத்தால் இல்லை. நிறுவனம் சுமார் 1,070 கோடி டாலர் கேட்டு சர்வதேச முதலீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது. அந்த நாட்டின் ஓராண்டு பட்ஜெட்டில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு அது. வாக்களித்து ஒரு சட்டத்தை நீக்கியதற்கான பில்!

அப்படியானால் எஸ்டோனியா?

‘டிஜிட்டல் நாடு’ என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணம். 1991-ல் சோவியத்திலிருந்து மீண்டும் சுதந்திரம் பெற்ற, 13 லட்சம் பேர் மட்டுமே உள்ள நாடு. 2001-ல் அரசுத் துறைகளின் தரவுத்தளங்களை இணைக்கும் ‘எக்ஸ்-ரோடு’, 2002-ல் அடையாள அட்டை, 2005-ல் இணைய வாக்குப்பதிவு. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டுகள் இணையத்தில் விழுந்தன. படையெடுப்பு நடந்தாலும் அரசு இயங்க வேண்டும் என்று லக்சம்பர்க்கில் ‘டேட்டா தூதரகம்’ வைத்து முக்கியத் தரவுகளின் நகலைச் சேமிக்கிறார்கள்.

2017-ல் சுமார் 7.5 லட்சம் அட்டைகளின் சிப்பில் பாதுகாப்புக் குறை தெரியவந்தது. அரசு அதை வெளிப்படையாக அறிவித்து, சான்றிதழ்களை முடக்கி, புதுப்பித்தது. அங்கே பொறுப்பேற்க ஓர் அரசு முன்பே இருந்தது. டிஜிட்டல் பிறகு வந்தது.

துவாலுவின் நிலைமை வேறு. கடல்மட்டம் உயர்ந்து மூழ்கும் அபாயத்தில் உள்ள இந்தப் பசிபிக் தீவு நாடு, உலகின் முதல் டிஜிட்டல் தேசமாகப் போவதாக 2022-ல் அறிவித்தது. நிலம் போனாலும் நாடு தொடரும் என 2023-ல் அரசியலமைப்பையே திருத்தியது. அதே ஆண்டு, ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் குடியேற வழிசெய்யும் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டது. சர்வரில் குடித்தனம் நடத்த முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெங்களூருவிலிருந்து ஒரு கேள்வி

உலகின் மிகப்பெரிய டிஜிட்டல் அடையாள அமைப்பான ஆதாரின் தொழில்நுட்ப மையம் இருப்பது இந்த நகரத்தில்தான். அதை 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்கு இழுத்தவரும் இந்த நகரத்துக்காரர்தான். கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி, அப்போது அவருக்கு வயது 86. நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல், அரசு ஆணை ஒன்றை மட்டும் வைத்து எப்படி கைரேகை வாங்கலாம் என்று கேட்டார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு ஆதார் செல்லும் என்ற தீர்ப்பு வந்தாலும், தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்பதற்கு வழிவிட்ட பிரிவு அடிபட்டது. வங்கிக் கணக்கு, சிம் கார்டுக்கு ஆதார் கட்டாயம் என்பதும் போனது.

பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ல் சொன்ன இரண்டு வழிகளை பாலாஜியும் மேற்கோள் காட்டுவார்: ஓர் அமைப்பு பிடிக்கவில்லை என்றால் ஒன்று வெளியேறலாம், இல்லை உள்ளே இருந்து குரல் கொடுக்கலாம். நெட்வொர்க் ஸ்டேட் முழுக்க முதல் வழியை நம்பி நிற்கிறது. விதி பிடிக்கவில்லையா, வேறு நாட்டுக்கு சப்ஸ்கிரிப்ஷனை மாற்றிக்கொள். ரிமோட் வேலையும் சேமிப்பும் உள்ள 28 வயதுக்காரருக்கு அது சரி. ரேஷன் கடை மெஷினில் கைரேகை பதியாமல் அரிசி கிடைக்காத பாட்டிக்கு எந்த எக்ஸிட்? அவருக்காக வழக்குப் போட ஒரு நீதிமன்றம் அந்தப் புது நாட்டில் எங்கே இருக்கும்? இந்தக் கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் திருப்தியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நீங்கள் சேர நினைத்தால்?

நெட்வொர்க் ஸ்கூலுக்குப் போகலாம். ஆனால் மலேசியக் குடிவரவு கவுன்ட்டரில் நீட்ட வேண்டியது இந்திய பாஸ்போர்ட்டைத்தான். எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி 2014 டிசம்பரிலிருந்து கிடைக்கிறது. அதை வைத்து அங்கே நிறுவனம் பதியலாம். விசாவோ, தங்கும் உரிமையோ, குடியுரிமையோ கிடையாது. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால், அந்த நிறுவனத்திலிருந்து நீங்கள் எடுக்கும் சம்பளத்துக்கும் டிவிடெண்டுக்கும் இங்கே வரிக்கணக்கு காட்ட வேண்டும்.

‘இ-குடியுரிமை’ என்று யாராவது கொடுத்தால் கவனம். அங்கீகாரம் இல்லாத அமைப்பு என்றால் அந்த அட்டையை வைத்து எந்த எல்லையையும் தாண்ட முடியாது. ஒருவேளை அது நிஜ நாடாகவே ஆகி, நீங்கள் விரும்பி அதன் குடியுரிமையைப் பெற்றால், 1955 குடியுரிமைச் சட்டம் பிரிவு 9-ன்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமை இங்கே இல்லை.

ஆதாரை வைத்து ‘நான் இந்தியன்’ என்று நிரூபிக்கலாமா என்றால், அதுவும் முடியாது. ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2016 ஆதார் சட்டத்தின் 9-ம் பிரிவே சொல்கிறது.