நடுநிலை வகிக்க மறுத்த உளவைத்தியர் மரீ லாங்கர்

பத்திரிகையாளன் நடுநிலை வகிக்க வேண்டும் என்பது இத்தொழிலில் நான் கால்வைத்த நாள் முதல் கேட்டுவரும் உபதேசம். உளவைத்தியர்களுக்கும் இதே உபதேசம் உண்டு. நோயாளியிடம் சிகிச்சையாளர் தமது கொள்கையைக் காட்டலாகாது என்பர். சிகிச்சை அறைக்குள் இது நியாயமானதே. அறைக்கு வெளியே சர்வாதிகாரம் கோலோச்சும்போது என்ன செய்வது? இக்கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் மரீ லாங்கர்.

1910ஆம் ஆண்டு வியன்னாவில் வசதிபடைத்த யூதக் குடும்பத்தில் பிறந்த மரீ, அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ விஞ்ஞானம் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். அதேவேளை, சிக்மன்ட் பிராய்டின் வழிவந்த நிறுவனத்தில் உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும் பெறத் தொடங்கினார். இவ்விரு பாதைகளும் விரைவிலேயே மோதிக்கொண்டன. ஒஸ்திரிய அரசு 1933, 1934ஆம் ஆண்டுகளில் இடதுசாரிக் கட்சிகளைத் தடைசெய்தது. தடைசெய்யப்பட்ட அமைப்புகளில் உறுப்பினர்கள் இயங்கலாகாது என உளப்பகுப்பாய்வுச் சங்கம் பணித்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அச்சமே அதற்குக் காரணம். மரீ பணியவில்லை. 1936இல், சத்திரசிகிச்சை வைத்தியரான மக்ஸ் லாங்கருடன் ஸ்பெயினுக்குச் சென்று, உள்நாட்டுப் போரில் காயமடைந்த குடியரசுப் படையினருக்குச் சிகிச்சையளித்தார்.

1938இல் நாஜிகள் ஒஸ்திரியாவை விழுங்கினர். மரீ உருகுவேயில் தஞ்சமடைந்து, 1942இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் ஆர்ஜென்டீன உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். தாய்மை, பெண்ணின் பாலுணர்வு ஆகியவை பற்றி 1951இல் அவர் வெளியிட்ட நூல் பெரும் கவனம் பெற்றது. ஆனால் அரசியலில் நீண்ட மௌனம். வந்தேறிய நாட்டில் வாய்திறக்க அஞ்சும் அகதியின் மனநிலையைப் புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மௌனத்தைக் கலைத்தது ஆர்ஜென்டீனாவே. 1966இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1969இல் கோர்டோபா நகரில் தொழிலாளரும் மாணவரும் கிளர்ந்தெழுந்தனர். 1971இல் சர்வதேச உளப்பகுப்பாய்வு மாநாடு வியன்னாவில் கூடியபோது, உளப்பகுப்பாய்வையும் சமூகப் புரட்சியையும் இணைத்து மரீ ஆய்வுரை நிகழ்த்தினார். இளமையில் அவரைக் கட்டுப்படுத்த முனைந்த அதே நகரில், இம்முறை இரண்டையும் கைவிடப்போவதில்லை என்றார். அவ்வாண்டே, தாம் நிறுவிய சங்கத்திலிருந்து பலருடன் வெளியேறினார். ஏழைகள் நாடும் பொது வைத்தியசாலைகளில் குழுமுறைச் சிகிச்சை வளரவேண்டும் என உழைத்தார்.

அதற்கான விலை விரைவில் வந்தது. வலதுசாரிக் கொலைக்குழுவான ஆர்ஜென்டீன கம்யூனிஸ எதிர்ப்புக் கூட்டணியின் மிரட்டலால் 1974இல் மெக்சிகோவுக்குத் தப்பியோடினார். 60 வயதைத் தாண்டிய நிலையில் மீண்டும் அகதி. அங்கே, சர்வாதிகாரங்களிலிருந்து தப்பிவந்தோரின் உளக்காயங்களுக்குச் சிகிச்சையளித்தார்.

1979இல் புரட்சி வென்ற நிக்கரகுவாவில் உளவைத்தியர்கள் மிகச் சிலரே. 1981 முதல், மெக்சிகோவிலிருந்து மாறிமாறிச் சென்ற உளநலக் குழுவொன்றுக்கு மரீ தலைமை தாங்கினார். வைத்தியர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் அக்குழு பயிற்சியளித்தது. செல்வந்தருக்கான சிகிச்சை எனக் கருதப்பட்ட உளப்பகுப்பாய்வு, போரால் துயருற்ற ஏழை நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்குள் நுழைந்தது. 1987 டிசெம்பரில் புவனஸ் அயர்ஸில் மரீ காலமானார்.

நோயாளியின் மீது தமது கொள்கையைத் திணிக்கவேண்டும் என அவர் கூறவில்லை. நோயாளியின் துயருக்கு வெளியுலகில் காரணம் இருக்கையில் அதை மறைக்கலாகாது என்றே வாதிட்டார். போரைக் கடந்த எமது மண்ணில் உளவளத்துணைப் பணியாற்றுவோருக்கு இது அந்நியமான வாதமல்ல. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் உறக்கமின்மைக்கு மாத்திரை கொடுக்கலாம். மகன் எங்கே என்ற அவளது கேள்விக்கு மாத்திரையில் விடை இல்லை.